டிஸ்க் பிதுக்கமும் கொரிய மரபு மருத்துவமும்: வலியைத் தணிப்பது எது?

இடுப்பில் தொடங்கிய வலி ஒரு காலின் பின்புறமாகப் பாதம் வரை இறங்குகிறது. எம்.ஆர்.ஐ. அறிக்கையில் 'டிஸ்க் பிதுக்கம்' என்ற சொற்கள் காணப்படுகின்றன. அந்நேரத்தில் நோயாளியின் மனத்திலும் குடும்பத்தினர் மனத்திலும் இரண்டு எண்ணங்கள் எழுவது இயல்பு. ஒன்று, அறுவை சிகிச்சை தவிர வேறு வழியில்லையோ என்ற அச்சம். மற்றொன்று, கத்தி படாமல் குணமாக்கும் முறை உலகில் எங்கேனும் இருக்காதா என்ற தேடல். அத்தேடலில் அண்மைக் காலமாகக் கொரிய மரபு மருத்துவம் அடிக்கடி எதிர்ப்படுகிறது. "டாக்டர், கொரியாவில் ஆபரேஷன் இல்லாமலே டிஸ்க்கைச் சரி செய்கிறார்களாமே?" என்று எங்கள் வெளிநோயாளர் பிரிவிலும் கேட்கின்றனர்.

இவ்வினாவிற்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது நேர்மையாகாது. எனது கருத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். டிஸ்க் பிதுக்கம் உள்ளவர்களுள் பெரும்பாலோர் அறுவை சிகிச்சையின்றியே நலமடைகின்றனர். அந்நலத்தில் பெரும்பங்கு உடலின் இயல்பான ஆற்றும் திறனுக்கும் காலத்திற்கும் உரியது. கொரிய மருத்துவத்தின் சில முறைகள் அக்காலத்தை வலி குறைந்ததாக்க உதவக்கூடும். ஆனால், பிதுங்கிய தட்டை அவை மீண்டும் உள்ளே தள்ளிவிடுகின்றன என்று எவரேனும் கூறினால், அதை ஏற்பதற்குச் சான்று இல்லை. இவ்வேறுபாட்டைப் புரிந்துகொண்டால் பணத்தையும் காலத்தையும் காத்துக்கொள்ளலாம். சில வேளைகளில் கால்களின் வலிமையையே காத்துக்கொள்ளலாம்.

இரு வகை மருத்துவர்களைக் கொண்ட நாடு

கொரிய மருத்துவத்தைச் சாலையோர வைத்தியம் என்று எண்ணுவது தவறு. ஹோ ஜுன் என்னும் அரச மருத்துவர் 1610-இல் எழுதி முடித்து, 1613-இல் அச்சான 'தோங்உய் போகாம்' என்ற 25 தொகுதிகள் கொண்ட மருத்துவ நூல் அம்மரபின் அடித்தளங்களுள் ஒன்று. யுனெஸ்கோ நிறுவனம் 2009-இல் அதனை உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மரபு மருத்துவர்களின் தகுதி தாழ்த்தப்பட்டது. பின்னர் 1951-இல் இயற்றப்பட்ட சட்டம் அவர்களை முழுமையான மருத்துவர்களாக ஏற்றது. இன்று தென்கொரியாவில் கொரிய மருத்துவராக விரும்புபவர் பொதுவாக ஆறாண்டுக் கல்லூரிப் படிப்பை முடித்து, அரசு நடத்தும் உரிமத் தேர்வில் தேற வேண்டும். 12 பல்கலைக்கழகங்களில் இப்படிப்பு உள்ளது. நவீன மருத்துவரும் கொரிய மருத்துவரும் தனித்தனி உரிமம் பெற்றவர்கள்; ஒருவர் மற்றவரின் துறையில் கைவைக்க இயலாது. எந்தக் கருவியை எவர் பயன்படுத்தலாம் என்பது குறித்து இரு தரப்பினரும் நீதிமன்றம் வரை சென்று வாதிட்டுள்ளனர். கொரிய மருத்துவர் அல்ட்ராசவுண்ட் கருவியைப் பயன்படுத்தியது குற்றமாகாது என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2022 டிசம்பரில் தீர்ப்பளித்தது.

சித்த மருத்துவப் பிரிவுகள் அரசு மருத்துவமனைகளிலேயே இயங்கும் தமிழ்நாட்டில் வாழும் நமக்கு இவ்விரட்டை அமைப்பு புதிதன்று. மற்றோர் ஒற்றுமையும் உண்டு. நம்மவர் "எனக்கு டிஸ்க் இருக்கிறது" என்று கூறுவது போலவே, கொரியர்களும் இந்நோயைப் பேச்சுவழக்கில் 'டிஸ்க்' என்ற ஆங்கிலச் சொல்லாலேயே குறிக்கின்றனர்.

அங்கு அளிக்கப்படும் சிகிச்சைகள்

டிஸ்க் பிதுக்கத்திற்குக் கொரிய மருத்துவமனைகள் ஒரே ஒரு சிகிச்சையை அளிப்பதில்லை. பலவற்றை இணைத்தே அளிக்கின்றன. முதலாவது அக்குபங்சர். மெல்லிய ஊசிகளை இடுப்பிலும் காலிலும் குறிப்பிட்ட இடங்களில் செருகுவர். சில வேளைகளில் அவற்றின் வழியே மெல்லிய மின்னோட்டத்தையும் செலுத்துவர். இரண்டாவது 'சுனா' எனப்படும் கைமுறைச் சிகிச்சை. மருத்துவர் தம் கைகளால் முதுகெலும்பின் மூட்டுகளையும் தசைகளையும் இழுத்தும் அழுத்தியும் அசைத்தும் சீர்செய்ய முயல்வார். மூன்றாவது 'யாக்சிம்' எனப்படும் மருந்தூசி. மூலிகைச் சாற்றையோ தூய்மைப்படுத்தி நீர்க்கச் செய்த தேனீ நஞ்சையோ சிறிதளவு தோலின் கீழோ தசையிலோ செலுத்தும் முறை இது. நான்காவது மூலிகைக் கஷாயம். இவற்றுடன், மாசிபத்திரி இனத்தைச் சேர்ந்த மூலிகையைச் சுருட்டிக் கொளுத்தித் தோலுக்குச் சூடு தருவதும், குவளைகளை வைத்துத் தோலை உறிஞ்சுவதும் உண்டு.

கஷாயத்தில் சேரும் பொருள்களுள் சில நமக்கும் அறிமுகமானவை. அதிமதுரம் கொரியக் கஷாயங்கள் பலவற்றில் இடம்பெறுகிறது. இடுப்புக்கும் முழங்காலுக்கும் வழங்கப்படும் ஒரு வேர், நம் நாயுருவியின் இனத்தைச் சேர்ந்த செடியிலிருந்து எடுக்கப்படுகிறது.

அக்குபங்சர், சூட்டுச் சிகிச்சை, குவளைச் சிகிச்சை ஆகியவற்றிற்குத் தென்கொரியாவின் தேசிய மருத்துவக் காப்பீடு 1987 முதல் பணம் வழங்குகிறது. சுனா சிகிச்சை 2019 ஏப்ரலில் அதனுள் வந்தது. கஷாயத்திற்கான சோதனைத் திட்டம் 2020-இல் வேறு சில நோய்களுக்குத் தொடங்கப்பட்டு, 2024 ஏப்ரலில் இடுப்பு டிஸ்க் பிதுக்கத்திற்கும் விரிவாக்கப்பட்டது.

காப்பீடு வழங்கப்படுவதாலேயே ஒரு சிகிச்சை பயனுடையது என்று மெய்ப்பிக்கப்பட்டதாகாது. மக்கள் எதை நாடுகின்றனர், எதை அரசு ஒழுங்குபடுத்த விரும்புகிறது என்பனவும் அம்முடிவில் கலந்திருக்கும். பயன் உண்டா என்பதைத் தனியாகத்தான் ஆராய வேண்டும்.

பிதுங்கிய தட்டு தானே சுருங்குகிறது

முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள தட்டு, வெளியே உறுதியான நார் வளையத்தையும் உள்ளே கூழ் போன்ற பகுதியையும் கொண்டது. வளையம் கிழிந்து கூழ் வெளியே வந்து நரம்பு வேரைத் தொடும்போது கால்வலி உண்டாகிறது. இத்தொடர்பை 1934-இல் அமெரிக்காவின் மிக்ஸ்டர், பார் என்னும் இரு அறுவை மருத்துவர்கள் தெளிவாக எடுத்துக்காட்டினர். பிதுங்கியதை வெட்டி எடுத்தால் வலி தீரும் என்ற கருத்து அதன் பின்னர் உலகெங்கும் பரவியது.

எம்.ஆர்.ஐ. கருவி வந்த பின்னரே மற்றோர் உண்மை விளங்கியது. வெளியே வந்த கூழை உடல் அந்நியப் பொருளாகக் கருதுகிறது. அதனைச் சுற்றிப் புதிய இரத்த நுண்குழல்கள் தோன்றுகின்றன; நோய் எதிர்ப்பு உயிரணுக்கள் அதனைச் சிறிது சிறிதாக விழுங்கி அகற்றுகின்றன. அறுவை சிகிச்சை பெறாத நோயாளிகளைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2017-இல் வெளியான மதிப்பீட்டின்படி, ஏறத்தாழ மூன்றில் இருவருக்குப் பிதுக்கம் தானே சுருங்குகிறது. 2015-இல் வெளியான மற்றொரு தொகுப்பு இன்னும் வியப்பூட்டுவது. தட்டு இலேசாகப் புடைத்திருந்தவர்களுள் 13 விழுக்காட்டினருக்கே அது குறைந்தது. கூழ் வெளியே வழிந்தவர்களுள் 70 விழுக்காட்டினருக்கும், துண்டாகவே பிரிந்து விழுந்தவர்களுள் 96 விழுக்காட்டினருக்கும் குறைந்தது. அதாவது, படத்தில் மிகவும் அச்சமூட்டும் பிதுக்கமே பெரும்பாலும் நன்கு கரைகிறது.

படத்தில் தெரிவதெல்லாம் நோயும் அன்று. முதுகுவலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஓர் அமெரிக்க ஆய்வு 1994-இல் வெளியானது. அவர்களுள் 52 விழுக்காட்டினருக்கு ஏதேனும் ஒரு தட்டிலாவது புடைப்பு இருந்தது. 27 விழுக்காட்டினருக்குப் பிதுக்கமே இருந்தது. அவர்கள் அனைவரும் வலியின்றி நடமாடிக்கொண்டிருந்தவர்கள்.

சிகிச்சைக்கு முன் ஒரு படத்தையும், சில மாதங்களுக்குப் பின் ஒரு படத்தையும் அருகருகே வைத்து, "பாருங்கள், எங்கள் சிகிச்சையால் டிஸ்க் கரைந்துவிட்டது" என்று காட்டப்படும்போது இவ்வெண்களை நினைவுகூர வேண்டும். படம் பொய்யன்று, கரைந்ததும் உண்மையே. ஆனால், அது ஊசியால் கரைந்ததா, காலத்தால் கரைந்ததா என்பதை அவ்விரு படங்களால் கூற இயலாது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான். இவ்வெச்சரிக்கை கொரிய மருத்துவத்திற்கு மட்டும் உரியதன்று. நமது இழுவைச் சிகிச்சை, இடுப்புப் பட்டை, மாத்திரைகள் ஆகிய அனைத்திற்கும் பொருந்தும்.

ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் கூறுவன

எனவேதான் ஒப்பீட்டுக் குழு இன்றியமையாதது. அக்குபங்சரைப் பொறுத்தவரை அத்தகைய ஆய்வுகள் உள்ளன. ஆனால், அவை ஒரே குரலில் பேசவில்லை. நாட்பட்ட இடுப்புவலி உள்ள 1,162 பேரைக் கொண்டு ஜெர்மனியில் நடத்தப்பட்ட ஆய்வு 2007-இல் வெளியானது. ஆறு மாதங்களுக்குப் பின், உண்மையான அக்குபங்சர் பெற்றவர்களுள் 47.6 விழுக்காட்டினரும், வேறிடங்களில் மேலோட்டமாக ஊசி குத்தப்பெற்றவர்களுள் 44.2 விழுக்காட்டினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் 27.4 விழுக்காட்டினரும் முன்னேற்றம் கண்டனர். ஊசி போட்டுக்கொண்டோர் தெளிவாகவே அதிகப் பயன் பெற்றனர். ஆனால், எங்கே குத்தினாலும் ஏறத்தாழ அதே பயன்தான்.

டிஸ்க் பிதுக்கத்தால் நாட்பட்ட கால்வலி உற்றவர்களை மட்டும் கொண்டு சீனாவின் ஆறு மருத்துவமனைகளில் நடைபெற்ற ஆய்வு 2024-இல் வெளியானது. 216 பேரின் முடிவுகள் ஆராயப்பட்டன. நான்கு வாரங்களில் பத்து அமர்வுகள். நூறு அலகுள்ள அளவுகோலில் கால்வலி, உண்மையான அக்குபங்சர் பெற்றோருக்கு ஏறத்தாழ 31 அலகும், போலி அக்குபங்சர் பெற்றோருக்கு ஏறத்தாழ 15 அலகும் குறைந்தது. அவ்வேறுபாடு ஓராண்டு வரை நீடித்தது. இது புறக்கணிக்கத்தக்க முடிவன்று.

வல்லுநர் குழுக்களும் இருவேறு கருத்துடையனவே. இங்கிலாந்தின் தேசிய வழிகாட்டுதல் 2016-இல் இடுப்புவலிக்கும் கால்வலிக்கும் அக்குபங்சரை அளிக்க வேண்டாம் என்றது. அமெரிக்கப் பொதுமருத்துவர் கல்லூரி 2017-இல் இடுப்புவலிக்கு மருந்தில்லா முறைகளை முதலில் முயலுமாறு கூறி, அவற்றுள் அக்குபங்சரையும் சேர்த்தது.

சுனா, மருந்தூசி, கஷாயம் ஆகியவற்றைக் குறித்த ஆய்வுகள் இவற்றினும் சிறியவை. பெரும்பாலும் அச்சிகிச்சைகளை அளிப்போரே நடத்தியவை. மேலும், பல சிகிச்சைகள் ஒருங்கே அளிக்கப்படும்போது எதனால் பயன் விளைந்தது என்று பிரித்தறிதல் அரிது. ஆகவே, தகுதியுடைய ஒருவரிடம் சில வாரங்கள் அக்குபங்சர் பெற விரும்பும் நோயாளியை நான் தடுப்பதில்லை. மற்றவற்றைக் குறித்து அதே உறுதியுடன் என்னால் பேச இயலாது.

அறுவை சிகிச்சையின் நிலை என்ன? நெதர்லாந்தில் 6 முதல் 12 வாரங்கள் கடும் கால்வலியால் வருந்திய 283 பேரைக் கொண்டு நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. ஒரு பிரிவினருக்கு விரைவில் அறுவை சிகிச்சை. மற்றப் பிரிவினர் காத்திருந்தனர். முதற்பிரிவினருக்கு வலி விரைவாகக் குறைந்தது. ஆனால், ஓராண்டு முடிவில் இரு பிரிவிலும் 95 விழுக்காட்டினர் தேறியிருந்தனர். காத்திருந்தவர்களுள் 39 விழுக்காட்டினர் இடையில் அறுவை சிகிச்சையை நாடினர் என்பதையும் மறைக்கக் கூடாது. காத்திருத்தல் பலருக்கு இயலும், எல்லோருக்கும் இயலாது. வலி பொறுக்க முடியாதபோது அறுவை சிகிச்சையைத் தேர்ந்தெடுப்பது தோல்வியன்று.

'இயற்கையானது' என்றால் தீங்கற்றது அன்று

தேனீ நஞ்சு ஊசி குறித்துத் தனியாக எச்சரிக்க வேண்டியுள்ளது. அந்நஞ்சு சிலருக்கு உடல் முழுவதையும் தாக்கும் கடும் ஒவ்வாமையை நிமிடங்களில் உண்டாக்கும். 2018-இல் தென்கொரியாவில் முதுகுவலிக்காக இவ்வூசியைப் பெற்ற ஒரு பெண் ஒவ்வாமை அதிர்ச்சியால் உயிரிழந்தார். அட்ரினலின் ஊசியும் மூச்சுக்கு உதவும் கருவிகளும் ஆயத்தமாக இல்லாத இடத்தில் இச்சிகிச்சையை எக்காரணத்திற்காகவும் பெறாதீர்கள்.

கஷாயங்களிலும் கவனம் தேவை. அதிமதுரம் அளவு மிஞ்சினால் இரத்த அழுத்தம் உயரும். இரத்தத்தில் பொட்டாசியம் குறையும். கொரியக் கஷாயங்களில் சேரும் சில மூலிகைகள், இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் வார்ஃபரின் மாத்திரையின் விளைவை மாற்றக்கூடும். சிறுநீரகம் அல்லது கல்லீரல் பாதிப்புள்ளோர், கருவுற்றோர், நீரிழிவுக்கும் இதயத்திற்கும் நாள்தோறும் மருந்து உட்கொள்வோர் ஆகியோர், உள்ளடக்கம் எழுதப்படாத எந்தக் கஷாயத்தையும் அருந்தலாகாது. எந்நாட்டு மூலிகைக்கும் இவ்விதி பொருந்தும்.

கைமுறைச் சிகிச்சைக்கு முன், வலிக்குக் காரணம் டிஸ்க்தானா என்பது உறுதியாக வேண்டும். நம் நாட்டில் முதுகெலும்புக் காசநோய் இன்றும் அரிதன்று. புற்றுநோய் பரவியும் முதுகெலும்பு வலுவிழக்கலாம். முதிய பெண்களுக்கு எலும்புத் தேய்வினால் முறிவு இருக்கலாம். அத்தகைய முதுகெலும்பை இழுத்து அழுத்தினால் பெருந்தீங்கு நேரும். இரவில் படுத்தாலும் தணியாத வலி, மாலையில் காய்ச்சல், காரணமற்ற எடைக்குறைவு ஆகியவை இருப்பின் முதலில் முழுமையான பரிசோதனையே தேவை.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகள்

இக்கட்டுரையில் எதை மறந்தாலும் இப்பகுதியை மறவாதீர்கள். முதுகெலும்பின் அடிப்பகுதியில் உள்ள குதிரைவால் நரம்புத் தொகுதி முழுவதும் நசுங்கினால், பின்வரும் அறிகுறிகள் தோன்றும்:

- சிறுநீர் கழிக்க இயலாமை, அல்லது சிறுநீரோ மலமோ கட்டுப்பாடின்றி வெளியேறுதல்
- பிறப்புறுப்பு, ஆசனவாய், தொடையின் உட்புறம் ஆகிய பகுதிகள் மரத்துப்போதல்
- இரு கால்களிலும் ஒருசேர வலியோ வலுக்குறைவோ பரவுதல்

இவற்றுள் ஒன்று தோன்றினாலும் அன்றே, அந்நேரமே அவசர சிகிச்சைப் பிரிவிற்கு வர வேண்டும். 48 மணி நேரத்திற்குள் அழுத்தத்தை நீக்கினால் சிறுநீர்க் கட்டுப்பாடு மீள்வதற்கான வாய்ப்பு கூடுகிறது. நடக்கையில் பாதம் தொங்கிச் செருப்பு நழுவுவது போன்று ஒரு காலின் வலிமை நாளுக்கு நாள் குறைந்தாலும் காலம் தாழ்த்தலாகாது. இந்நிலையில் அக்குபங்சர், சுனா, எண்ணெய்த் தடவல், பிசியோதெரபி ஆகிய எதுவும் உதவாது. இவ்வறிகுறிகளை அறிந்துவைத்திருக்க வேண்டியவர்கள் குடும்பத்தினரும்தான். சிறுநீர் தொடர்பான தொல்லையைச் சொல்லக் கூச்சப்பட்டு மறைக்கும் பெரியவர்களிடம் நீங்களே கேளுங்கள்.

கொரியாவிடமிருந்து நாம் கொள்ளத்தக்கது

கொரியாவின் ஊசிகளைக் காட்டிலும் அந்நாடு அவற்றைச் சுற்றி வகுத்துள்ள விதிகளே என்னை அதிகம் கவர்கின்றன. சுனா சிகிச்சைக்கு ஒரு நோயாளிக்கு ஆண்டுக்கு 20 முறை மட்டுமே காப்பீடு கிடைக்கும். ஒரு மருத்துவர் ஒரு நாளில் 18 பேருக்கு மேல் அச்சிகிச்சையைக் காப்பீட்டில் அளிக்க இயலாது. கஷாயத்திற்கும் ஒரு நோய்க்கு ஆண்டுக்கு 20 நாள் என்ற வரம்பு உண்டு. சிகிச்சை அளிப்பவர் உரிமம் பெற்றவர். எண்ணிக்கைக்கு எல்லை உண்டு. "இன்னும் ஐம்பது முறை வாருங்கள், கட்டாயம் சரியாகும்" என்ற முடிவில்லாத வாக்குறுதிக்குக் காப்பீட்டில் இடமில்லை.

நாளொன்றுக்கு 18 பேர் என்ற எண், நெரிசல் மிகுந்த வெளிநோயாளர் பிரிவில் பணியாற்றும் என் போன்றோரைச் சிந்திக்க வைக்கிறது. தம் முதுகைக் கையால் தொட்டுப் பார்த்து, பொறுமையாகக் கேட்கும் மருத்துவரை நோயாளிகள் நாடுவதில் வியப்பில்லை. நவீன மருத்துவம் அந்நேரத்தை அளிக்கத் தவறும்போது, அவர்கள் வேறிடம் செல்வதைக் குறைகூற நமக்கு உரிமையில்லை.

இச்சிகிச்சைக்காகக் கொரியாவிற்கே செல்லலாமா என்று கேட்போருக்கு எனது விடை: தேவையில்லை. கடும் வலியில் நெடுநேரம் விமானத்தில் அமர்ந்திருப்பதே துன்பத்தைக் கூட்டும். அங்கு பயனளிக்கக்கூடியவற்றுள் பெரும்பகுதி, அதாவது சரியான நோயறிதல், வலி தணிப்பு, இயன்ற அளவு நடத்தல், படிப்படியான உடற்பயிற்சி, அறிகுறிகளைக் கண்காணித்தல் ஆகியவை இங்கேயே கிடைக்கும். நாள்கணக்கில் படுத்தே இருப்பது நன்மை தராது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எம்முறையைத் தேர்ந்தெடுத்தாலும் சிகிச்சை தொடங்குமுன் ஐந்து வினாக்களைக் கேளுங்கள். தங்கள் தகுதியும் பதிவும் யாவை? எனக்கு நேரக்கூடிய தீங்குகள் எவை. நேர்ந்தால் என்ன செய்வீர்கள்? எத்தனை அமர்வுகளுக்குப் பின் பயனில்லை என்று நிறுத்துவீர்கள்? மொத்தச் செலவு எவ்வளவு? நான் உட்கொள்ளும் மாத்திரைகளை நிறுத்தச் சொல்வீர்களா? இறுதி வினாவிற்கு 'ஆம்' என்ற விடை வந்தால், எழுந்து வந்துவிடுங்கள். அம்மாத்திரைகளை எழுதித்தந்த மருத்துவரைக் கலந்து பேசுங்கள்.

வேறு சிகிச்சை பெறுவதை எங்களிடம் மறைக்க வேண்டாம். கஷாயப் புட்டியையும் மருந்துச் சீட்டையும் அடுத்த முறை கையோடு கொண்டுவாருங்கள். கோபித்துக்கொள்ள மாட்டோம். அதில் என்ன உள்ளது, உங்கள் மற்ற மருந்துகளோடு அது ஒத்துப்போகுமா என்று உங்களுடன் அமர்ந்து பார்ப்போம்.